கிரீடன்ஸ்: உடன்பிறந்தார் கண்ட இசைக்குழு

கலிபோர்னியா மாநிலத்து எல் செரிட்டோ என்னும் சிற்றூரில் 1959ஆம் ஆண்டு பள்ளித் தோழர் மூவர் கூடி இசைக்கத் தொடங்கினர். ஜான் போகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிபோர்டு என்போர் அவர். ஜானின் தமையன் டாம் பின்னர் இணைந்தார். தொடக்கத்தில் முன்னின்று பாடியவர் அத்தமையனே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1968இல் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்று பெயர் பூண்டபோது தம்பியின் குரலே குழுவின் குரலாகிவிட்டிருந்தது. 1969ஆம் ஆண்டில் மட்டும் மூன்று பாடல் தொகுதிகள்! தென்மாநிலச் சதுப்பு நிலங்களையும் ஆறுகளையும் பாடிய இவர்கள் மேற்குக் கரையில் வளர்ந்தவர்கள் என்பது வியப்பே. வியட்நாம் போரில் எளியோர் மக்கள் களம் புக, செல்வாக்குடையோர் மக்கள் ஒதுங்கிக்கொண்டதைச் சாடிய 'பார்ச்சுனேட் சன்' அவ்வாண்டில் வந்ததே. 'பில்போர்டு' தனிப்பாடல் பட்டியலில் இவர்தம் இசைத்தட்டுகள் ஐந்து இரண்டாம் இடத்தை எட்டின. அப்பட்டியலில் முதலிடம் ஒருமுறையும் வாய்க்கவில்லை.

பாடல் புனைதல், பாடுதல், ஒலிப்பதிவு, நிருவாகம் அனைத்தும் ஜான் ஒருவர் கையில் இருந்தன. ஏனையோர் மனம் புழுங்கினர். அவரைக் குறை கூறுதல் எளிது. அவரின்றி அக்குழுவுக்குப் புகழேது என்றும் நாம் கேட்டாக வேண்டும். 1971இல் டாம் விலகினார். எஞ்சிய மூவரும் பங்கிட்டுப் பாடிய 'மார்டி கிரா' தொகுதியைத் திறனாய்வாளர்கள் எள்ளி நகையாடினர். 1972 அக்டோபரில் குழு கலைந்தது.

பூசல் கலையவில்லை. பாடல்களின் உரிமை 'பாண்டசி' இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது. மனம் கசந்த ஜான் தம் பழைய பாடல்களை நெடுங்காலம் மேடையில் பாட மறுத்தார். 1985இல் தனித்து வெளியிட்ட தொகுதியிலுள்ள பாடலொன்று, 1970இல் அவரே இயற்றிய பாடலின் நகல் என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தம்மையே ஒருவர் களவாட இயலுமோ! சாட்சிக் கூண்டில் கிதாரை மீட்டி, தாம் பாடல் புனையும் முறையை அவர் விளக்கினார். 1988இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவு பற்றிய வினா உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1994இல் அங்கும் அவரே வென்றார்.

உடன்பிறந்தாரிடையே மட்டும் தீர்ப்பு வரவில்லை. மனத்தாங்கல் தீராமலே 1990இல் டாம் மறைந்தார். 1993இல் ராக் இசைப் புகழ்மன்றம் குழுவைச் சிறப்பித்தபோது, பழைய தோழர் இருவருடன் சேர்ந்து இசைக்க ஜான் இசையவில்லை. தம் பாடல்களின் பெரும்பங்கு உரிமை 2023இல் அவர் கைக்கு மீண்டது. அப்போது அவருக்கு அகவை 77. அண்ணன் மறைந்து 32 ஆண்டுகள் கடந்திருந்தன.