வீடும் வரைபடமும் – 7: கண் காணாத முகப்பு

வீடு கட்டப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர், சென்ற வாரம் நாம் விஸ்தாரமாகப் பார்த்த பிளானை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, இன்ஜினீயரும் மேஸ்திரியும் ஒருங்கே எலிவேஷன் என்று சொல்லுகிற முகப்புப் படத்தின் முன்தான் மெய்மறந்து உட்காருகிறார்கள். தம் வீட்டின் முகத்தை அவர்கள் முதன்முதலாகத் தரிசிப்பது அதில்தான் என்பதால் இதில் வியப்புமில்லை. ஆனால் படத்திலுள்ள அந்த முகத்தை, வீடு எழும்பிய பிறகு, அவர்களோ தெருவில் போகிறவர்களோ ஒருநாளும் காணப் போவதில்லை.

கிட்ட உள்ளதைப் பெரிதாகவும் எட்ட உள்ளதைச் சிறிதாகவும் காண்பது மனிதக் கண்ணின் சுபாவம். முகப்புப் படமோ, சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே ஒரு கண்ணை நிறுத்திப் பார்த்தாற்போல, எதையும் குறுக்காமல் அளவு பிசகாமல் வரையப்படுவது. இந்தப் பேதத்தைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களில் ஒருவர் இத்தாலிய ஓவியர் ரஃபேல். 1514-இல் ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயத் திருப்பணிக்குத் தலைமை ஏற்ற அவர், 1519 வாக்கில், காஸ்டிலியோனே என்ற நண்பரின் துணையோடு போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில், கட்டடத்துக்குத் தரைப்படம், வெளிச்சுவர்ப் படம், உட்சுவர்ப் படம் என்ற மூன்றும் வேண்டுமென்றும், தூரத்தைக் காட்டக் கோட்டைக் குறுக்கிவிட்டால் அதிலிருந்து சரியான அளவை எடுக்க இயலாதென்றும் வற்புறுத்துகிறார். இத்தாலியக் கட்டடக்கலை அறிஞர் ஆல்பர்ட்டி இதே கருத்தை முன்னமே எழுதியிருந்தார் என்றாலும், தூரத்தைச் சுவரில் மெய்போலத் தீட்டிக் காட்டுவதில் நிகரற்ற ஓவியரே அந்த வித்தையைக் கட்டடப் படத்திலிருந்து விலக்கச் சொன்னதுதான் எனக்கு ரஸமாகப் படுகிறது.

நம் ஊர் மாடியில்லாத வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருமட்டத்திலிருந்து தளம் 12 அடி, அதன்மேல் கைப்பிடிச்சுவர் 3 அடி; முன்சுவரிலிருந்து 16 அடி உள்ளே தள்ளி, தளத்தின்மேல் 8 அடி உயரத்தில் படிக்கட்டு அறை. படத்தில் இந்த அறை கைப்பிடிச்சுவருக்கு மேலே 5 அடி துருத்திக்கொண்டு, வீட்டின் தலையில் பெட்டியைக் கவிழ்த்தாற்போல் நிற்கும்; வீட்டுக்காரரும் மனம் பொறாமல் அதை மறைக்க வளைவு, தூண், ஜாலி என்று செலவை ஏற்றிக்கொண்டே போவார். உண்மையில், சுவரிலிருந்து 20 அடி தள்ளித் தெருவில் நிற்பவரின் கண், தரைக்கு 5 அடி மேலே இருப்பதாகக் கொண்டால், அவர் பார்வை கைப்பிடிச்சுவரின் விளிம்பைத் தொட்டு மேலேறி, அந்த அறை நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது தெருமட்டத்திலிருந்து 23 அடி உயரத்தில் இருக்கும். அறையின் உச்சியோ 20 அடிதான். அவருக்கு அது தென்படவே தென்படாது! 40 அடி தள்ளி நின்றாலும் உச்சியில் ஓர் அடிதான் தெரியும். குறுகலான நம் தெருக்களில் அவ்வளவு தூரம் விலகி நிற்க இடமேது?

எதிர்ப்பட்டதெல்லாம் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டு தோன்றுகிற இந்தக் குறையைப் போக்கத்தான் பழைய வரைவாளர்கள் நிழலைத் துணைக்கு அழைத்தார்கள். வெளிச்சம் இடப்புறம் மேலிருந்து சாய்ந்து விழுவதாகவும், அதன் சாய்வு தரைப்படம், முகப்புப் படம் இரண்டிலும் 45 பாகையாகத் தோன்றுவதாகவும் வைத்துக்கொண்டால், 2 அடி நீண்ட சன்ஷேடின் நிழல் சுவரில் சரியாக 2 அடி இறங்கும். ஆதலால் நிழலை அளந்தாலே நீட்டம் தெரிந்துவிடும். இப்போது கம்ப்யூட்டரில் வர்ணம் பூசி வருகிற படங்களில் நிழல் அழகுக்காக விழுகிறதேயன்றி அளவுக்காக விழுவதில்லை.

படத்தின் அடியில், யாரும் ஏறிட்டுப் பாராத கோடு ஒன்று உண்டு, அதுதான் தரைமட்டம். பேஸ்மட்டம் எத்தனை அடி என்பது அந்தக் கோட்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அது வெறும் மனைத் தரையா, தெருவின் நடுமட்டமா என்று எழுதித் தரும்படி கட்டாயம் கேளுங்கள். தார் போடுகிற ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதைப் பரப்பி, வாசற்படியைப் பள்ளத்தில் இறக்கிவிட்ட தெருக்கள் நம் நகரங்களில் ஏராளம். லிண்டல் மட்டத்தையும் ஜன்னல் மட்டத்தையும் உட்சுவரோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், அவற்றைக் குறுக்குவெட்டுப் படத்தோடு சேர்த்து அடுத்த வாரம் காண்போம்.