பதில் வரும் நோட்டு

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும், சொந்தமாக நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது என்பது நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்கும் குறை. தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்காகவோ திருமணமாகியோ வடக்கே வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். காய்கறிக் கடையில் அரைகுறை ஹிந்தியைக் கொண்டு சமாளித்துவிடலாம். ஆனால் குழந்தையின் பள்ளிக்கு ஒரு விடுப்புக் கடிதம், வங்கிக்கு ஒரு விண்ணப்பம் என்றால் அடுத்த வீட்டுக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. பள்ளியில் நாம் எழுதியதெல்லாம் மதிப்பெண்ணுக்காக. பசுவைப் பற்றிய கட்டுரையை ஆசிரியர் படித்தது பசுவைப் பற்றி அறிய அல்ல, பிழையைச் சுழிப்பதற்காக. ரயில்வேயில் ஒரு நிலையம் அடுத்த நிலையத்திடம் 'லைன் கிளியர்' கேட்கும். பதில் வந்த பிறகே வண்டி புறப்படும். எழுத்தும் அப்படித்தான். பதில் வராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மாணவர் ஒவ்வொருவருடனும் ஒரு நோட்டில் எழுத்து மூலம் பேசிவந்தார். மாணவர் விரும்பியதை எழுதுவார். ஆசிரியை அதிலேயே பதில் எழுதுவார். மதிப்பெண் கிடையாது, பிழைதிருத்தம் கிடையாது. அவருடைய மாணவர்களில் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களும் இருந்தனர். ஜானா ஸ்டேட்டன், ஜாய் க்ரீஃப்ட் பேட்டன் முதலிய ஆய்வாளர்கள் இந்த நோட்டுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினர். இம்முறைக்கு 'டயலாக் ஜர்னல்' என்று பெயர்.

திருத்தாவிட்டால் மொழி எப்படி வரும் என்று கேட்கலாம். திருத்தம் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. "எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்று ஒருவர் எழுதினால், "ஸோ யூ வென்ட் டு த மார்க்கெட்! வாட் டிட் யூ பை?" என்று பதில் எழுத வேண்டும். சரியான வடிவம் கண்ணில் படுகிறது. கேள்வி இருப்பதால், மறுநாள் எழுத விஷயமும் கிடைக்கிறது.

தமிழர்களுக்கு இது நன்கு பொருந்தும். 'சந்தைக்கு' என்பதில் 'கு' சொல்லின் பின்னால் ஒட்டுகிறது; ஆங்கிலத்தில் 'டு' முன்னால் தனியே நிற்கிறது. 'த' என்பதற்கு நேரான சொல்லே நம்மிடம் இல்லை. நம் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். அவர்களுடையது எழுவாயை அடுத்து வரும். இவற்றை விதியாக ஒப்பிப்பதைவிட, தனக்கென்று எழுதிய பதிலில் திரும்பத் திரும்பப் பார்த்தால் எளிதில் பழகும்.

வீட்டிலேயே தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாரம் மூன்று நாள், ஐந்து வரி. சொல் தெரியாத இடத்தில் தமிழிலேயே எழுதட்டும். பதிலில் ஆங்கிலச் சொல் வரட்டும். கைபேசியில் வேண்டாம், அது தானாகவே எழுத்தைத் திருத்திவிடும். அடிக்கடி வரும் பிழை ஒன்றை மட்டும் வாரக் கடைசியில் நேரில் விளக்கலாம். விண்ணப்பம், தேர்வு ஆகியவற்றுக்குத் தனியே திருத்திப் பழகத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் பதில் எழுத வேண்டியவர் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோதான். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்மா எழுதியதைப் படித்துச் சிரித்தால், அந்த நோட்டு அன்றோடு மூடப்படும். என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள், மனமார பதில் எழுதுங்கள். அடுத்த விடுப்புக் கடிதத்தை அவரே எழுதிவிடுவார்.