கர்ப்பிணி வாயில் ரத்தம்: "சூடு" அல்ல, ஈறு நோய்!

சிதம்பரம்:-

கடலூரில் இருந்து சிதம்பரம் செல்லும் பஸ். ஆலப்பாக்கம் தாண்டிவிட்டது. முன் சீட்டில் ஒரு இளம் பெண். ஐந்து மாத கர்ப்பம். முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருந்தார். பக்கத்தில் மாமியார்.

"என்னம்மா, வாந்தியா?" என்று கேட்டேன்.

"வாந்தி இல்ல தம்பி. பல்லு வெளக்குனா ரத்தமா வருது. ஈறு வீங்கிப் போச்சு. சோறு மெல்ல முடியல. ரெண்டு நாளா கஞ்சிதான்" என்றார் மாமியார்.

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு பல்லுல கை வைக்கலாமா? கரு கலைஞ்சிடும்னு சொல்றாங்களே! இது உடம்பு சூடு. பிரசவம் ஆனா தானா சரியாயிடும்."

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பல வீடுகளில் இதே பேச்சுதான். இது சரியா?

காரணம் என்ன?

சூடு காரணம் அல்ல. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் உடலில் பெருகுகின்றன. ஈறில் ரத்த ஓட்டம் கூடுகிறது. பல் ஓரத்தில் படியும் அழுக்கில் கிருமிகள் இருக்கும். மற்ற நாளில் ஈறு அதை ஓரளவு தாங்கும். இப்போது தாங்காது. சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். கர்ப்பிணிகளில் 100-க்கு 60 முதல் 75 பேருக்கு இந்தத் தொல்லை வருவதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கூறுகிறது.

சிலருக்கு ஈறில் சிவப்பாக ஒரு சதைக் கட்டியும் வரும். இது புற்று நோய் அல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

"தானா சரியாயிடும்" என்பதில் பாதி உண்மை உண்டு. பிரசவம் ஆனதும் வீக்கம் குறையலாம். ஆனால் பல்லில் காரை கட்டியிருந்தால் நோய் உள்ளே இறங்கும். எலும்பை அரிக்கும். பல் ஆடும், விழும்.

வீண் பயம்

பல் வைத்தியத்தால் கரு கலையும் என்பது வீண் பயம். அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆராய்ச்சி முடிவு 2006-ம் ஆண்டு வெளிவந்தது. பாதிப் பேருக்கு கர்ப்ப காலத்திலேயே ஈறைச் சுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஈறு தேறியது. வைத்தியத்தால் பிள்ளைக்கு ஆபத்து வரவில்லை.

ஈறு நோய்க்கும் குறைப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1996-ல் ஒரு ஆராய்ச்சி கூறியது. ஆனால் 2006 ஆராய்ச்சியில், வைத்தியம் செய்ததால் குறைப் பிரசவம் குறையவில்லை. ஆகவே அதைச் சொல்லி கர்ப்பிணியை மிரட்டவும் வேண்டாம்.

நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வைத்தியத்துக்கு வசதியான காலம். வலி, சீழ் என்றால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. மரத்துப் போகும் ஊசி போடலாம், பல்லும் பிடுங்கலாம். "நான் இத்தனை மாதம்" என்று பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக் கடையில் நாமாக மாத்திரை வாங்குவது ஆபத்து. டெட்ராசைக்ளின் மாத்திரை பிள்ளையின் பல்லில் கறை ஏற்றிவிடும்.

வீட்டில் என்ன செய்வது?

மென்மையான பிரஷில் ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து காலையும் இரவும் பல் விளக்க வேண்டும். ரத்தத்துக்குப் பயந்து விளக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து ரத்தம் இன்னும் கூடும். செங்கல் தூள், சாம்பல், புகையிலைப் பொடி கூடவே கூடாது.

வாந்தி எடுத்ததும் பிரஷைத் தொடாதீர்கள். வயிற்றுப் புளிப்பு பட்ட பல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி கழித்து விளக்கலாம்.

எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, இப்போது அரசு பல் மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் அண்ணாமலை நகரிலேயே இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பல்லையும் காட்டிவிட்டுப் போகலாம். கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மாதம்தோறும் 9-ந்தேதி கர்ப்பிணிகளுக்கு சிறப்புப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் உள்ளது. அன்று "ஈறில் ரத்தம் வருகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பஸ்சில் இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாமலை நகருக்கு எப்படி தம்பி போகணும்?"