தீவுச் சிறையில் ஒரு கோவாக்காரர்

பிரான்ஸின் தென்கரையில் மார்ஸேல்ஸ் துறைமுகத்திற்கு எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், இஃப் என்னும் சிறு பாறைத் தீவு இருக்கிறது. துறைமுகத்தைக் காக்க முதலாம் பிரான்ஸிஸ் மன்னர் 16-ஆம் நூற்றாண்டில் அதன்மீது எழுப்பிய கோட்டை, பின்னர் சிறையாயிற்று. மத பேதத்திற்காகவும் அரசியல் விரோதத்திற்காகவும் அங்கே அடைபட்டு மாண்டோர் பலர். அவர்கள் பெயரை இன்று யார் அறிவார்? உலகம் அறிந்த கைதி, அலெக்ஸாண்டர் டூமா 1844 முதல் 1846 வரை தொடர்கதையாக வெளியிட்ட 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் கதாநாயகன் ஒருவனே. பிறவாத அம்மனிதனுக்கு அங்கே ஓர் அறையையும் காட்டுகிறார்கள்!

நமக்கு அக்கறையுள்ள சங்கதி வேறு. அக்கதையில் சுரங்கம் தோண்டி வந்து, இளங்கைதிக்குக் கல்வியையும் புதையல் ரகசியத்தையும் அளிக்கும் கிழவர், பாதிரியார் ஃபாரியா. டூமா அவரை இத்தாலியராக்கிவிட்டார். அப்பெயருக்குரிய மெய்யான மனிதரோ, 1756-இல் கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் பிறந்த நம் நாட்டவர்.

1787-இல் கோவாவில் போர்த்துகீசிய ஆட்சியைக் கவிழ்க்க எழுந்த முயற்சி காட்டிக்கொடுக்கப்பட்டது. சுதேசிப் பாதிரிமாருக்கு உயர் பதவிகள் மறுக்கப்பட்டதே அதன் முக்கிய காரணம். பதினைந்து பேர் கொல்லப்பட்டனர். பாதிரிமார் லிஸ்பன் சிறைக்குக் கப்பலேற்றப்பட்டனர். அப்போது லிஸ்பனில் இருந்த ஃபாரியாவுக்கும் அதில் தொடர்புண்டு என்று கருதப்பட்டது. 1788-இல் அவர் பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

பிற்காலத்தில் பாரிஸில் அவர் செய்த உபந்நியாசங்களே அவருடைய மெய்யான பெருமை. துயிலூட்டும் வித்தையில் வல்லவன் உடலிலிருந்து ஏதோ காந்த சக்தி பாய்வதாக மெஸ்மர் வழியினர் நம்பினர். ஃபாரியா அதை மறுத்தார். துயிலுக்குக் காரணம் துயில்பவனுடைய மனமே. அவன் இசையாவிடில் எந்த வித்தகனாலும் ஆகாது என்றார். (இதை ஆள்வோர்க்கும் ஆட்பட்டோர்க்கும் பொருத்திப் பார்க்கும் வாசகர்களை நாம் தடுக்கப் போவதில்லை.) பாரிஸ் நகரம் அவரைப் பரிகசித்து நாடகமாடியது. 1819-இல் வறுமையில் இறந்தார். இன்று அக்கலையின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்தின் அருகே 1945-இல் நிறுவிய அவருடைய சிலை உண்டு. கைகளை நீட்டி அவர் நிற்க, எதிரே ஒரு பெண் துயிலில் சாய்கிறாள். கோவா செல்லும் தமிழர்கள், மான்டி கிறிஸ்டோவைப் படித்தவர்களாயின், அங்கே சிறிது நின்று பார்க்கலாம்.