பிரட்டுக்களம் முதல் ஒட்சிசன் உருளை வரை: லுணுகலையில் ஒரு கொவிட் அலையை எண்ணுதல்

ஓர் ஊரில் கொவிட் பரவல் கூடுகிறதா தணிகிறதா என்பதை வைத்தியசாலை அறிவது தன் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணித்தான் என்பதால், அதன் பதிவேட்டில் ஏறுவது நோயின் அளவைவிட, நோயோடு புறப்பட்டு வர முடிந்தோரின் தொகையே ஆகும். பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை நோக்கி இறங்கும் ஏ 5 வீதியில் அமைந்த லுணுகலையைப் போல, ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிலும் கொண்ட ஒரு சிற்றூரில், இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் மலைப்பாதையின் தூரத்தையும் விஞ்சியது.

இலங்கையின் தொற்றுநோய் அறிவித்தல் முறை 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்டது. ஒரு வைத்தியர் அறிவிக்கப்பட வேண்டிய நோயொன்றைச் சந்தேகித்த உடனேயே எச் 544 எனப்படும் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுதேடிச் சென்று விசாரிக்க, வாரக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவைச் சென்றடையும். டெங்குக்கும் எலிக்காய்ச்சலுக்கும் போதுமானதாக இருந்த இந்த ஒழுங்கு, ஒரே வாரத்தில் இருமடங்காகக்கூடிய ஒரு நோய்க்கு முன் தடுமாறியது. அத்தகைய நோயில் சென்ற வார அறிக்கை, அது வாசிக்கப்படும் நாளில் உண்மையின் பாதியையே சொல்லும்.

தொற்றியவருக்கு அறிகுறி தோன்ற நான்கைந்து நாளும், மூச்சுத்திணறல் தோன்றுவதாயின் அதன்பின் மேலும் ஒரு வாரமளவும், மரணம் நேர்வதாயின் இரண்டு மூன்று வாரமும் செல்வதால், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று நிரம்பும் கட்டில் அரை மாதத்துக்கு முந்திய தொற்றையே காட்டுகிறது. முன்னறிகுறி தேடுவோர் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சலும் இருமலுமாக வருவோரின் தொகையையும், பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்ற நேர்மறை வீதத்தையும் பார்ப்பர். பின்னது 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பரவல் கட்டுக்குள் உள்ளதென உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் வரையறுத்தது. பீ.சி.ஆர். மாதிரி ஆய்வுகூடத்துக்குச் சென்று முடிவு திரும்பும் நாட்களையும் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தமையால், 2020 இறுதியில் வந்த விரைவு அன்டிஜன் பரிசோதனை, நுட்பத்தில் குறைந்ததாயினும், தொலைவான ஊர்களுக்கு அதிகம் பயன்பட்டது.

கட்டில்களைவிட ஒட்சிசனின் கணக்கே நெருக்கடியைத் துல்லியமாகக் காட்டியது எனலாம். பெரிய உருளை ஒன்று ஏறத்தாழ 7,000 லீற்றர் வாயுவைக் கொள்ளும். நிமிடத்துக்கு 5 லீற்றர் போதுமான நோயாளிக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் வரும், மூக்குவழி அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் உச்ச அளவான 60 லீற்றர் தேவைப்படுபவருக்கோ இரண்டு மணித்தியாலங்கூட நிற்காது. நிமிடத்துக்கு 10 லீற்றர் வேண்டிய பத்துப் பேர் ஒரு விடுதியில் இருந்தால் நாளொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட உருளைகள் வேண்டும். சிறிய பிரதேச வைத்தியசாலையொன்றில் இவ்வெண்ணிக்கை திடீரென உயரும்போது நோயாளரைப் பதுளைக்கு அனுப்புவதே வழி. பதுளைக்குச் செல்லும் வீதியோ, 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குச் சென்ற பேருந்து பசறைக்கு அருகே பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அதே வீதி. பெருந்தொற்றுக் காலத்திலும் விபத்துக்கும் பிரசவத்துக்கும் கட்டில் வேண்டும் என்பதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

தோட்டத்தின் நிலை வேறு. தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின் நிழல் இன்னும் முழுதாய் விலகவில்லை. தோட்ட மருந்தகம் பல இடங்களில் நிர்வாகத்துக்கும், அரச வைத்தியசாலை சுகாதாரத் துறைக்கும் பதில் சொல்கின்றன. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பிராவில் ஒரு குடும்பமே வாழ, குழாயும் கழிப்பறையும் பலருக்குப் பொதுவாக இருக்கையில், வீட்டில் தனித்திருக்கும்படி நோயாளிக்குச் சொல்வது சடங்களவிலான அறிவுரையே. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் வந்தபோதிலும், வேலைக்குப் போகாத நாளுக்குப் 'பேர்', அதாவது அன்றைய சம்பளம், விழாது. தொற்று உறுதியானால் லயமே முடக்கப்படலாம் என்ற நிலையில் காய்ச்சலை மறைப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

எனினும் தோட்டத்துக்கு நாள்தோறும் ஆள் எண்ணும் பழக்கம் உண்டு. காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டிலும், வருகை பதியும் செக்ரோலிலும் யார் வந்தார், யார் வரவில்லை என்பது அன்றன்றே தெரிந்துவிடும். ஒரே லயத்தில் நாலைந்து பேர் இரண்டு நாளாக வரவில்லையென்றால், அத்தகவல் எச் 544 படிவத்துக்குப் பல நாள் முந்தியது. சம்பளம் கணக்கிடப் பிறந்த அந்த ஏட்டை நோய் கணக்கிடவும் பயன்படுத்தலாம் என்பது புதுமையான யோசனையன்று. பாடசாலை வருகைப் பதிவேட்டைக் கொண்டு காய்ச்சற்பரவலை அறிவது பல நாடுகளில் வழக்கம்.

அந்த ஏட்டை எப்போது உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதை அலைகள் வந்த வழி காட்டுகிறது. கொழும்பின் கடைகளிலும் ஆடைத்தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் மலையக இளைஞர் பண்டிகைக்கு ஊர் திரும்புவர் என்பதால், 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடை கொத்தணிகள் வெடித்தபின், நவம்பர் 14இல் வந்த தீபாவளியை ஒட்டி மேல் மாகாணத்தைவிட்டு வெளியேறுவது தடுக்கப்பட்டது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்கு அத்தகைய தடை இல்லை. அதைத் தொடர்ந்து மூன்றாம் அலை எழுந்து, டெல்டா திரிபோடு உக்கிரமடைந்து, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு முடக்கப்பட்டது. நாளாந்த மரணம் 200ஐத் தாண்டிய அந்த ஓகஸ்டில்தான் இந்தியக் கடற்படையின் சக்தி கப்பல் சுமார் 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

செக்ரோலுக்கும் ஒரு குறை உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியோர் அதில் இல்லை. இந்நோயில் இறந்தோரில் பெரும்பான்மையினர் அவ்வயதினரே. அவர்கள் வசிக்கும் லயங்களுக்குத் தவறாமல் ஏறிச்செல்லும் சுகாதாரப் பணியாளர் குடும்பநல உத்தியோகத்தர். அவருடைய பதிவேடோ கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உரியது.