நடுக்கத்துக்கு முன்னே வருபவை

காற்று திரும்பும் மாலைகளில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய குப்பைக் கிடங்கின் நாற்றம் தாங்காமல் பெருங்குடியில் வீடுதோறும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் மட்டும் அதை உணராதவராய்த் திறந்த ஜன்னலண்டை அமர்ந்திருப்பாரானால், பழகிப்போய்விட்டது என்றே வீட்டார் எண்ணுவர். சமையலறையில் பெருங்காயம் தாளிக்கும் வாசனையும் அவருக்கு எட்டவில்லையென்றால் அது வேறு விஷயம். மோப்பசக்தி குன்றுவதற்குச் சளி முதல் முதுமை வரை காரணங்கள் பல உண்டு. ஆயினும் நடுக்குவாதம் என்று நாம் வழங்கும் பார்க்கின்சன் நோய், கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்விதமாகத் தலைகாட்டுவதுண்டு.

தீராத மலச்சிக்கலும், கனவில் எவரையோ எதிர்ப்பவர்போல் கத்திக் கைகால்களை வீசும் நித்திரைக் கோளாறும் அவ்வாறே முந்தி வரக்கூடியவை. அசைவை ஆளும் பகுதியை எட்டுமுன்பே, மோப்பத்துக்குரிய பகுதியையும், குடலோடு தொடர்புடைய வேகஸ் நரம்பின் மூலஸ்தானத்தையும் நோய் பற்றிவிடுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஹைக்கோ பிராக் 2003-இல் எடுத்துரைத்தார். எல்லா நோயாளிகளிடமும் இந்த வரிசை காணப்படுவதில்லை.

1960-களில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் மூளையினுள் குறித்த ஓரிடத்தைத் துல்லியமாக அணுகும் சிகிச்சையால் நடுக்கத்தை அடக்கியது இந்நகரம் பெருமை கொள்ளத்தக்க சாதனை. பின்னர், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்னும் மூளை ரசாயனத்தின் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரையும் வந்தது. ஆனால் டோபமின் குறைவு ஒன்றினால் மட்டுமே நேராத உபாதைகள், நடுக்கம் தணிந்த பின்னும் தங்கிவிடுகின்றன. நோயாளியின் வாழ்க்கையைப் பல சமயம் நடுக்கத்தைவிட அதிகமாகக் குலைப்பவையும் அவையே.

படுக்கையிலிருந்து எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வர, குளியலறை வாசலில் விழுந்துவிடுகிறவரைக் கால் வழுக்கிவிட்டது என்று தூக்கி விடுகிறோம். படுக்க வைத்து ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் அழுத்தத்தைப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். பேரன் வந்து நின்றாலும் முகம் மலராதிருப்பது தசைகளின் இறுக்கத்தாலும் இருக்கலாம், மனச்சோர்வாலும் இருக்கலாம். முன்னதைக் கோபம் என்று கொண்டு மனைவி வருந்துவதும், பின்னதை வயதின் குணம் என்று விட்டுவிடுவதும் எத்தனை வீடுகளில் நிகழ்கின்றன! மனச்சோர்வு இந்நோயின் அங்கமே. அதற்குச் சிகிச்சையும் உண்டு. அறை மூலையில் இல்லாத குழந்தைகள் தெரிகிறார்கள் என்று அவர் சொல்வாரானால், அது மருந்தின் விளைவாகவும் இருக்கக்கூடும். அளவைத் திருத்த வேண்டியவர் வைத்தியரே.

நடுங்கும் கையை வைத்தியர் கண்ணால் காண்கிறார். மலச்சிக்கலையும் சிறுநீர் அவசரத்தையும் சொன்னாலன்றி அறியார். இக்குறையைப் போக்கவே லண்டனைச் சேர்ந்த ரே சௌதுரி முதலிய வைத்தியர்கள் 30 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். ஆம், இல்லை என்று குறித்தால் போதும். அதை நிரப்பும்போது மனைவியோ மகளோ அருகிலிருப்பது நலம். இரவில் அவர் போட்ட கூச்சல் காலையில் அவருக்கே நினைவிருப்பதில்லை.