எங்கே ஒளிந்திருக்கிறது புற்று?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்து சுரப்பியை எடுத்துவிட்டால், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற, புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் அளவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு எப்போதாவது அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தாண்டி, மறு பரிசோதனையிலும் குறையாவிட்டால், புற்று திரும்பிவிட்டதாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் எங்கே? சி.டி. ஸ்கேனிலும் எலும்பு ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சுரப்பி இருந்த இடத்திலேயே மிச்சம் இருந்தால், அங்கே கதிர்வீச்சு கொடுத்துக் குணப்படுத்தலாம். வேறெங்கோ பரவியிருந்தால், அந்தச் சிகிச்சையில் பக்கவிளைவுதான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 'புராஸ்டாசின்ட்'. புராஸ்டேட் செல்களில் மிகுதியாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு, இண்டியம்-111 என்ற கதிரியக்கத் தனிமத்தை இணைத்து ஊசியாகப் போட்டார்கள். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு. ரத்தத்தை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் நோயாளி மூன்று முதல் ஐந்து நாள் கழித்து மறுபடி வந்து, குடலைச் சுத்தம் செய்துகொண்டு, காமா கேமராவின் கீழ் படுக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் படம் மங்கலாகவே வந்தது. அந்த ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் கொக்கி கதவுக்கு வெளியே இல்லை, உள்ளே இருந்தது. அதாவது, பி.எஸ்.எம்.ஏ.வில் செல்லுக்கு உட்புறம் இருக்கும் பகுதியைத்தான் அதனால் பிடிக்க முடியும். எனவே உயிருள்ள செல்கள் தப்பிவிட, செத்துக்கொண்டிருந்த செல்களே பெரும்பாலும் சிக்கின. எலும்புக்குப் பரவிய புற்றைக் கண்டுபிடிப்பதில் அது மிகவும் பலவீனம். 2018-ல் அதன் தயாரிப்பு நின்றது.

ஆனால் பி.எஸ்.எம்.ஏ.வை முதலில் அடையாளம் காட்டியதே அந்த ஆன்டிபாடிதான். அதே புரதத்தின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகள் பின்னர் உருவாயின. அவற்றோடு காலியம்-68 சேர்த்து எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு 2020 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் படம் கிடைத்துவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள நிணநீர் முடிச்சில் இருக்கும் புற்றுகூடப் பல நேரம் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் புரதத்தையே குறிவைத்து லுட்டீசியம்-177 கொண்டு சிகிச்சையும் 2022-ல் வந்துவிட்டது.

இந்தப் பெட் ஸ்கேனும் பிழையற்றதல்ல. பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருந்தால் புற்று தெரியாமல் போகலாம். சில புற்றுகளில் அந்தப் புரதமே இருக்காது. ஆகவே ஸ்கேனுக்குப் போகுமுன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இதன் முடிவைப் பார்த்து என் சிகிச்சை மாறுமா?"